வயிற்றுவலி என்று வரும் பிள்ளைக்கு மனசுதான் காரணம் என்றால், வார்டு கிளினிக்கில் எதுவரை பார்க்கலாம்?

ஈஜிபுரா டாக்டர் கேட்டது:

வணக்கம். பெங்களூரில் வார்டு கிளினிக், ஆரம்ப சுகாதார மையம், சின்ன தனியார் கிளினிக் நடத்துபவர்களிடமும் சிறார் மனநலத்தில் வேலை செய்பவர்களிடமும் கேட்கிறேன்.

எங்கள் கிளினிக்கில் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு லேப் டெக்னீஷியன். காலையில் மட்டும் 70, 80 ஓ.பி. பாதிக்கு மேல் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களும் உண்டு, மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பவர்களும் உண்டு. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் வயிற்றுவலி, தலைவலி, மயக்கம் என்று வருகிறார்கள். ஸ்கேன், ரத்தம், பூச்சி மாத்திரை எல்லாம் முடிந்து மூன்றாவது முறை வரும்போதுதான் பள்ளிக்கூடம் போய் இருபது நாள் ஆகிறது என்று தெரியவருகிறது. மனநலத்துக்கான பெரிய மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்கு எழுதிக் கொடுத்தால் பெரும்பாலோர் போவதில்லை.

கேள்விகள்: எந்தக் கேள்வித்தாளை வைத்துக்கொள்வது? பிள்ளையிடம் தனியாகப் பேச அம்மாவை எப்படி வெளியே அனுப்புவது? எந்த மருந்தை இங்கேயே தொடங்கலாம், எதைத் தொடவே கூடாது? "சாகணும்போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கே செய்ய வேண்டியது என்ன? அனுப்புகிற பிள்ளை போய்ச் சேர என்ன வழி?

---

சிறார் ஓ.பி. எழுதியது:

டாக்டர், உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது.

சீட்டை வாங்கிக்கொண்ட குடும்பம் போகாததற்குத் தூரம் காரணமில்லை. ஈஜிபுராவிலிருந்து நிம்ஹான்ஸ் இருக்கும் ஓசூர் ரோடு எவ்வளவு தூரம்! ஒரு நாள் வரிசையில் நின்றால் கூலி போகிறது. "அங்க போனா பைத்தியம்னு பேர் வரும், பொண்ணுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கணும்" என்ற பயம் அதற்கு மேல். எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் நம் வாயிலிருந்து வருவது. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா, மனநல டாக்டரைப் பாருங்க" என்கிறோம். அம்மா காதில் அது "புள்ள நடிக்குது" என்று விழுகிறது. வீட்டுக்குப் போனதும் பிள்ளைக்கு அடி, இல்லையென்றால் தாயத்து.

அந்த ஒரு வாக்கியத்தை மாற்றுங்கள். "வலி நிஜம்தாம்மா. ரிப்போர்ட்ல புண்ணோ கட்டியோ இல்ல, அது நல்ல சேதி. மூளைக்கும் குடலுக்கும் நரம்பு வழியா எப்பவும் பேச்சு உண்டு. பரீட்சைக்கு முன்னாடி பெரியவங்களுக்கே வயிறு கலக்குதுல்ல? இவளுக்கு அது தினமும் நடக்குது. இதுக்கு வைத்தியம் இருக்கு, இங்கேயே தொடங்கலாம். அடுத்த வியாழக்கிழமை மூணு மணிக்கு வாங்க." வலியை ஒப்புக்கொள்வது, காரணம் சொல்வது, திரும்பி வர நாளும் நேரமும் குறிப்பது, மூன்றும் இதில் இருக்கின்றன. மூன்றாவதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம்.

காலை ஓ.பி.யில் 20 நிமிடம் கிடைக்காது, முயற்சி செய்யவும் வேண்டாம். வாரத்தில் ஒரு மதியம், 2:30 முதல் 4:30 வரை, ஆளுக்கு 20 நிமிடமாக ஆறு பிள்ளைகள். காலையில் சந்தேகம் வந்த பிள்ளையை ஏழு முதல் பத்து நாளுக்குள் அந்த மதியத்துக்கு வரச் சொல்லுங்கள். நோட்டில் பெயர், கைபேசி எண், அடுத்த தேதி. வராவிட்டால் மறுநாளே நர்ஸ் கூப்பிட வேண்டும், ஒரு வாரம் கழித்து அல்ல. போர்டில் "இளம்பிள்ளைகள் ஓ.பி." என்று எழுதினால் போதும். "மனநலம்" என்று எழுதிய அறை வாசலில் யாரும் உட்கார மாட்டார்கள்.

அளவு தெரிய ஒரு கணக்கு: 2015–16 தேசிய மனநல ஆய்வில் 13–17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல். பதினான்கு பிள்ளைகளுக்கு ஒருவர். உடம்பு சரியில்லை என்று கிளினிக்குக்கு வரும் கூட்டத்தில் விகிதம் இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

மனசு என்று முடிவு கட்டுமுன் பார்க்க வேண்டியவை. வயிற்றுவலியில் எடை குறைதல், மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி. தலைவலியில் விடியற்காலை வாந்தி, நாளுக்கு நாள் கூடும் வலி. சோர்வுக்கு ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச். இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 குடும்பநல ஆய்வு சொல்கிறது. அதனால் மனச்சோர்வும் ரத்தசோகையும் ஒரே பெண்ணிடம் இருப்பது சாதாரணம். ஒன்றைக் கண்டதும் மற்றதைத் தேடுவதை நிறுத்தாதீர்கள். "கிளாஸ்ல கவனமே இல்ல" என்று பள்ளி அனுப்பினால் முதலில் காது, கண். பிறகு மூன்று நிமிடம் வேகமாக, ஆழமாக மூச்சு விடச் சொல்லிப் பாருங்கள். நடுவில் சில விநாடி அப்படியே உறைந்து நின்றால் அது கவனக்குறைவு இல்லை, ஆப்சன்ஸ் வகை வலிப்பாக இருக்கலாம். மயக்கம் என்று வந்தால் விழுந்தபோது கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்று கேளுங்கள். வலிப்பில் பெரும்பாலும் திறந்திருக்கும். மனஅழுத்தத்தால் வரும் விழுகையில் பெரும்பாலும் இறுக மூடியிருக்கும். இதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, ஆனால் வீட்டில் எடுத்த ஒரு கைபேசி வீடியோ பெரிய உதவி.

கேள்வித்தாள் இரண்டு போதும். முதலாவது எஸ்.டி.கியூ., பிள்ளையின் மனநிலையையும் நடத்தையையும் பொதுவாகக் கேட்பது. 25 கேள்வி, தமிழில் கிடைக்கிறது, காசு வாங்காமல் பயன்படுத்தினால் காகிதத்தில் நகல் எடுக்கலாம். செயலியாக மாற்ற அனுமதி வேண்டும். கேள்வியின் வாசகத்தை நாமாக மாற்றக் கூடாது. பெற்றோர் நிரப்பியதில் 17 அல்லது அதற்கு மேல், 11 வயது நிரம்பிய பிள்ளை தானே நிரப்பியதில் 20 அல்லது அதற்கு மேல் என்றால் உட்கார வைத்துப் பேசுங்கள். இந்த எல்லைகள் இங்கிலாந்தில் வகுத்தவை, அதனால் மதிப்பெண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கூட்டுவதில் வழக்கமாக வரும் தவறு இரண்டு: 7, 11, 14, 21, 25 ஆகிய ஐந்தையும் தலைகீழாகக் கணக்கிட மறப்பது; பிறருக்கு உதவுவது பற்றிய ஐந்து கேள்விகளையும் மொத்தத்தில் சேர்ப்பது. மொத்தம் 40-க்குத்தான்.

மனச்சோர்வுக்கு, பதின்ம வயதினருக்கான பி.எச்.கியூ. ஒன்பது கேள்வி, 27-க்கு, 10 என்றால் நடுத்தரம். ஒன்பதாவது கேள்வி சாவு பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும், மொத்தம் 4-ஆக இருந்தாலும், அன்றே பேச வேண்டும். தாளை மேசையில் விட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவதுதான் இதில் நடக்கக்கூடிய மிக மோசமான தவறு.

---

அல்சூர் பள்ளி ஆலோசகர் எழுதியது:

தனியாகப் பேசுவது பற்றி மட்டும் சொல்கிறேன்.

அம்மாவை வெளியே போகச் சொன்னால் சந்தேகம் வரும். "இந்த வயசுப் பிள்ளைங்க எல்லார்கிட்டயும் பத்து நிமிஷம் தனியா பேசுறது இங்க வழக்கம்மா, அதுக்குள்ள சிஸ்டர் உங்க பி.பி. பார்த்துடுவாங்க" என்றால் எழுந்து போவார்கள். "எல்லார்கிட்டயும்" என்ற சொல்லை விடக் கூடாது. அறைக் கதவைச் சாத்தாமல் திரையை இழுத்துவிடுங்கள். பெண்பிள்ளை என்றால் நர்ஸ் கண்ணில் படும் தூரத்தில் இருக்கட்டும், காதில் விழும் தூரத்தில் வேண்டாம்.

கேள்விகளை வெளியிலிருந்து உள்ளே கொண்டு போங்கள். வீட்டில் யார் யார், படிப்பு, பொழுது எப்படிப் போகிறது, சாப்பாடு, தூக்கம், பீடி, ஹான்ஸ் புகையிலை, போதைக்கு முகரும் ஒயிட்னர் மாதிரி ஏதாவது, நட்பு, காதல், கடைசியில் சாவு எண்ணம். எடுத்த எடுப்பில் "என்ன பிரச்சினை?" என்றால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். "உன் வகுப்புல சில பேர் பிளேடால கையைக் கீறிக்கிறாங்களாமே, உனக்கு எப்பவாவது அப்படித் தோணியிருக்கா?" என்று அடுத்தவரைச் சொல்லிக் கேட்டால் பதில் வரும்.

"மனச்சோர்வு", "பதட்டம்" எல்லாம் பாடப்புத்தகச் சொற்கள். "படபடன்னு வருதா", "எதுலயும் மனசு ஒட்டலையா", "எரிச்சல் எரிச்சலா வருதா", "ராத்திரி நினைப்பு ஓடிக்கிட்டே இருக்கா" என்று கேளுங்கள். பதின்ம வயதில் சோகத்தைவிட எரிச்சல்தான் முன்னால் வந்து நிற்கும். "திமிரு பிடிச்சிருக்கு" என்று அழைத்து வரப்படும் பையன்களில் மனச்சோர்வைத் தேடிப் பாருங்கள். மொழியும் இங்கே ஒரு சுவர். பள்ளியில் கன்னடம் அல்லது ஆங்கிலம், வீட்டில் தமிழ், கிளினிக்கில் கன்னடம். அழ வேண்டிய விஷயத்தைப் பிள்ளை வீட்டு மொழியில்தான் சொல்லும். தமிழ் தெரிந்த நர்ஸ் இருந்தால் அந்த மதியத்துக்கு அவரைப் போடுங்கள். அக்கம்பக்கத்துக்காரரையோ பிள்ளையின் அண்ணன் அக்காவையோ மொழிபெயர்க்க வைக்க வேண்டாம்.

ரகசியத்தின் எல்லையைப் பேச்சு தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். "நீ சொல்றதை அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, யாராவது உன்னைத் தப்பா தொடுறாங்கன்னாலோ, உன்னைக் காப்பாத்த இன்னொருத்தர்கிட்ட சொல்லியே ஆகணும்." 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19-ஆவது பிரிவுப்படி 18 வயதுக்குக் கீழ் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், நடக்கக்கூடும் என்று தோன்றினால்கூட, காவல்துறைக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவருக்கும் கடமை, மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. பிள்ளை எல்லாவற்றையும் கொட்டிய பிறகு இதைச் சொன்னால் ஏமாற்றிவிட்டதாக நினைக்கும், திரும்பி வராது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

ஓ.பி. சீட்டில் என்ன எழுதுகிறீர்கள் என்பதும் முக்கியம், அதை வகுப்பாசிரியர் பார்ப்பார். நோயின் பெயர் வேண்டாம். "வயிற்றுவலிக்குச் சிகிச்சையில் உள்ளார், தொடர்ந்து பள்ளிக்கு வரலாம்" என்பதே போதும்.

---

மாத்திரைக் கணக்கு எழுதியது:

முதலில் தொடக் கூடாதவை. அல்பிரசோலம், குளோனசெபம்: பிள்ளைக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதாதீர்கள், பழக்கம் ஆகிவிடும். அமிட்ரிப்டிலின்: பெரியவர்களுக்குத் தலைவலிக்குக் கொடுத்துப் பழகிய கை இதற்கும் போகும். பிள்ளைகளின் மனச்சோர்வில் பயன் இல்லை, கூடுதலாக விழுங்கினால் இதயத்துடிப்பைக் கெடுக்கும். மூளை டானிக், பி காம்ப்ளெக்ஸ் ஊசி: ஆபத்தில்லை என்று நினைப்போம், ஆனால் "ஊசி போட்டாச்சு, சரியாகிடும்" என்று மூன்று மாதம் ஓடிவிடும். கவனக்குறைவுக்கான மீதைல்பெனிடேட்டைச் சிறப்பு மருத்துவர்தான் தொடங்க வேண்டும்.

லேசான, நடுத்தர நிலைக்கு மருந்தே வேண்டாம், முதலில் பேச்சும் பழக்க மாற்றமும்தான். அது போதாமல், 12 வயது நிரம்பியவருக்கு மனச்சோர்வு நீடித்தால், மனநல மருத்துவரிடம் தொலைபேசியில் பேசிய பிறகு புளூவாக்சிடின். காலையில் 10 மி.கி. ஒன்றிரண்டு வாரம் கழித்து 20. அதற்கு மேல் நீங்களாகக் கூட்டாமல் அங்கேயே நில்லுங்கள். 12-க்குக் கீழே என்றால் நீங்கள் தொடங்க வேண்டாம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், இதை முதல் நாளே சொல்லாவிட்டால் பத்தாம் நாள் நிறுத்திவிடுவார்கள். முதலில் குமட்டல், தூக்கக் குறைவு, ஒரு பரபரப்பு வரலாம். சிலருக்கு முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம். 2004-இல் அமெரிக்க மருந்துத்துறை இதற்காகவே அட்டையில் கறுப்புக் கட்ட எச்சரிக்கை போட வைத்தது. அதனால் முதல் நான்கு வாரம் வாரம் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். பார்க்க முடியாது என்றால் தொடங்காதீர்கள். கையில் ஏழு நாள் மாத்திரைக்கு மேல் கொடுக்க வேண்டாம், அதுவும் அம்மா கையில்.

எழுதுமுன் ஒரு கேள்வி கட்டாயம்: குடும்பத்தில் யாருக்காவது திடீரென்று தூக்கமே இல்லாமல் அதீத உற்சாகம், செலவு, பேச்சு என்று வந்து சிகிச்சை எடுத்ததுண்டா? இருந்தால் இது இருதுருவக் கோளாறாக இருக்கலாம். இந்த மருந்து அதைக் கிளப்பிவிடும்.

---

ஈஜிபுரா டாக்டர் கேட்டது:

மூவருக்கும் நன்றி. பேச்சும் பழக்க மாற்றமும் என்கிறீர்கள். கவுன்சலர் இல்லாத இடத்தில் 20 நிமிடத்தில் உண்மையில் என்ன செய்யலாம்? இன்னொன்று, பக்கத்துப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கேள்வித்தாள் கொடுத்துப் பார்க்கலாமா என்று தலைமையாசிரியர் கேட்கிறார்.

---

சிறார் ஓ.பி. எழுதியது:

பள்ளி முழுக்க என்றால் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். 12–18 வயதினர் எல்லாரிடமும் மனச்சோர்வைக் கேட்கலாம் என்று அமெரிக்கப் பரிந்துரை உண்டு, ஆனால் அது கண்டுபிடித்த பிள்ளையைத் தொடர்ந்து பார்க்க ஆள் இருக்கும் என்ற கணக்கில் வந்தது. வாரம் ஆறு இடம் வைத்திருக்கும் கிளினிக், 400 பிள்ளைகளுக்குத் தாள் கொடுத்து 30 பேரைக் கண்டுபிடித்தால் ஐந்து வாரம் அவர்கள் காத்திருப்பார்கள். ஒன்பதாவது கேள்விக்கு ஆம் என்று எழுதிய பிள்ளை அதில் எத்தனையாவது?

20 நிமிடத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். பள்ளி போகாத பிள்ளைக்கு மருந்தே பள்ளிதான். இரண்டு வாரம் ஓய்வு என்று சான்றிதழ் கொடுத்தால் நாமே நோயை வளர்க்கிறோம். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் திரும்பிப் போவது கடினமாகும். ஞாயிற்றுக்கிழமை வலி உண்டா என்று கேளுங்கள். இல்லை, திங்கள் காலை மட்டும் என்றால் ஆசிரியரிடம் பேசிப் படி வையுங்கள்: முதல் இரண்டு நாள் முதல் இரண்டு பீரியட் மட்டும், அடுத்த மூன்று நாள் மதிய உணவு வரை, இரண்டாம் வாரம் முழு நாள். வலி வந்தால் பத்து நிமிடம் ஆசிரியர் அறையில் உட்காரலாம், வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கூடவே மூச்சுப் பயிற்சி: நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே, ஐந்து நிமிடம், காலையும் இரவும். அறையில் உங்கள் எதிரே ஒருமுறை செய்ய வையுங்கள், தாளில் எழுதிக் கொடுத்தால் செய்ய மாட்டார்கள். ஆனால் அடி, கேலி, யாரோ ஒருவரின் தொல்லை பள்ளியிலேயே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யாமல் இந்தப் படியைத் தொடங்குவது பிள்ளைக்குக் கொடுமை.

மனச்சோர்வுக்கு, முன்பு பிடித்திருந்து இப்போது விட்டுவிட்ட மூன்று சின்ன வேலைகளை வாரத்துக்கு எழுதுங்கள். மாடியில் பத்து நிமிடம் நடப்பது, தங்கச்சிக்குத் தலை பின்னுவது, பழைய தோழிக்கு ஒரு போன், அந்த அளவுதான். மனசு வந்ததும் செய்யலாம் என்று காத்திருந்தால் மனசு வராது. செய்யச் செய்யத்தான் வரும் என்று பிள்ளைக்கும் அம்மாவுக்கும் விளக்குங்கள். அடுத்த முறை வரும்போது அந்த மூன்றையும் முதலில் கேளுங்கள். நாம் கேட்கவில்லை என்றால் அது முக்கியமில்லை என்று ஆகிவிடும்.

---

அவசர வார்டு சிஸ்டர் எழுதியது:

சாவு எண்ணத்துக்கு யாரும் இன்னும் பதில் எழுதவில்லை.

நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் எண்ணம் புதிதாக முளைக்காது, பிள்ளைக்குப் பாரம்தான் குறையும். எண்ணம் மட்டுமா, எப்படி என்று யோசித்திருக்கிறாயா, அதற்கான பொருள் கைக்கு எட்டுகிறதா, முன்பு முயற்சி செய்ததுண்டா என்று வரிசையாகப் போங்கள். திட்டமும் கைக்கெட்டும் பொருளும் இருந்தாலோ, சமீபத்தில் முயன்றிருந்தாலோ, காதில் குரல் கேட்கிறது என்றாலோ, பிள்ளையைத் தனியே விடாமல் அன்றைக்கே அனுப்ப வேண்டும். நிம்ஹான்ஸில் 24 மணி நேரமும் அவசர சிகிச்சை உண்டு. ஆனால் எதையாவது விழுங்கியிருந்தால் முதலில் பொது மருத்துவமனை, மனநலம் அதற்குப் பிறகு. இந்த வரிசை மாறினால் நேரம் வீணாகி உயிர் போகும். பிள்ளை நன்றாகப் பேசுகிறது, வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பெற்றோர் மறைப்பார்கள். 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. "பிள்ளைக்குத் தண்டனை கிடையாது" என்று அவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

எண்ணம் மட்டும் இருந்து வீட்டுக்கு அனுப்புவதானால், வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளும், பாட்டியின் சர்க்கரை மாத்திரை உட்பட, எலி மருந்தும் பூட்டுக்குள் போக வேண்டும். சாவி பெரியவர் இடுப்பில். மனசு கனக்கும்போது பேச வேண்டிய மூன்று பேரின் பெயரையும் எண்ணையும் பிள்ளையே தன் கையால் எழுதட்டும். "செய்ய மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்பது உதவாது, அடுத்த முறை உண்மையை மறைக்கத்தான் வைக்கும். மறுநாள் போன், மூன்று நாளுக்குள் நேரில்.

14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணை, அறையிலேயே பிள்ளையின் கைபேசியில் சேமிக்க வையுங்கள். 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது, இலவசம், இரவிலும் எடுப்பார்கள், மொழித் தேர்வில் தமிழ் உண்டு. முதல் முறை உங்கள் முன்னாலேயே கூப்பிட்டுப் பழக்கிவிட்டால் பிறகு கூச்சம் இருக்காது.

---

சிறார் ஓ.பி. எழுதியது:

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று. பிள்ளைக்கு ஒரு எண் வேண்டியிருப்பது போலவே டாக்டருக்கும் வேண்டும். மாசசூசெட்ஸில் 2004 முதல் நடக்கும் ஏற்பாட்டில் குடும்ப டாக்டர் போன் செய்தால் அரை மணி நேரத்துக்குள் சிறார் மனநல மருத்துவர் பதில் பேசுகிறார். பெரும்பாலான பிள்ளைகளைக் குடும்ப டாக்டரே தொடர்ந்து பார்க்க முடிகிறது. இங்கே அதை நாமே சிறிய அளவில் கட்டலாம். பக்கத்து மருத்துவக் கல்லூரி மனநலத்துறையில் ஒருவரிடம் வாரம் ஒரு அரை மணி நேரம் கேளுங்கள். நிம்ஹான்ஸ் ஆரம்பநிலை மருத்துவர்களுக்கு இணையவழிப் பயிற்சி நடத்துகிறது, அதில் சேர்ந்தால் கேஸ்களை எடுத்துப் பேசவும் முடியும். பேசும்போது ஐந்து வரி போதும்: வயது, எத்தனை நாளாக, பள்ளி போகிறதா, சாவு எண்ணம் உண்டா, இதுவரை என்ன செய்தீர்கள்.

அனுப்பியே ஆக வேண்டிய பிள்ளைக்குச் சீட்டில் "மேல் சிகிச்சைக்கு" என்று மட்டும் எழுதாமல் அந்த ஐந்து வரியையும் எழுதி, போக வேண்டிய நாள், கட்டட எண், கையில் கொண்டுபோக வேண்டிய தாள் எல்லாவற்றையும் அம்மாவுக்குத் தமிழில் சொல்லுங்கள். அங்கே போய் வந்த அடுத்த வியாழனே உங்களிடம் வரும்படி தேதி போடுங்கள். நீங்கள் கைவிடவில்லை என்று தெரிந்தால்தான் போவார்கள்.

தலைமையாசிரியரிடம் இதையும் சொல்லுங்கள்: அரசின் பிறவி முதல் 18 வயது வரையிலான பள்ளிப் பரிசோதனைக் குழு அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும்தான் வரும். உங்கள் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் படிப்பது குறைந்த கட்டணத் தனியார் ஆங்கிலப் பள்ளிகளில். அங்கே யாரும் போவதில்லை. தாளைக் கொடுப்பதற்குப் பதிலாக, மாதம் ஐந்து நாளுக்கு மேல் வராத பிள்ளைகளின் பெயரை மட்டும் வகுப்பாசிரியர் உங்களுக்கு அனுப்பட்டும், பெற்றோருக்குத் தெரிவித்துவிட்டு. வருகைப் பதிவேடு எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது, அதற்குத் தனிச் செலவு இல்லை. ஆறு இடத்துக்கு அந்தப் பட்டியலே போதும்.